நாலரை வருஷம், ஒரே படம், இலவச டாவின்சி ரிசால்வ்

எடிட்டிங் மென்பொருளை ஒரு வாரம் ஓட்டிப் பார்த்துவிட்டு எழுதுகிற விமர்சனங்கள் ஏராளம். இது நாலரை வருஷம் கழித்து எழுதுவது. பழைய ரேடியோக்களைப் பழுது பார்க்கிற ஒரு பெரியவரைப் பற்றிய ஆவணப்படம், தயாரிப்பாளர் யாரும் கிடையாது, வேறு வேலை இல்லாத நாட்களில் மட்டும் படப்பிடிப்பு. மொத்தம் 68 மணி நேர ரஷ் (எடிட் செய்யாத காட்சிகள்), கடைசியில் 74 நிமிடப் படம். முதல் கட் முதல் கடைசி ரெண்டர் வரை பிளாக்மேஜிக் டிசைனின் டாவின்சி ரிசால்வ்தான், அதுவும் இலவசப் பதிப்பு.

இலவசம் என்பதைவிட மாதச் சந்தா இல்லை என்பதுதான் எனக்குப் பெரிய விஷயம். இந்த மாதிரிப் படத்தில் சில சமயம் ஆறு மாதம் ஒன்றுமே நடக்காது. அவருக்கு உடம்பு சரியிருக்காது, அல்லது என் கையில் காசு இருக்காது, அல்லது எனக்கே வெறுத்துப் போயிருக்கும். அத்தனை மாதமும் சந்தா கட்ட வேண்டியிருந்தால் இரண்டாம் வருஷமே மூட்டையைக் கட்டியிருப்பேன்.

திரும்பி வரும்போது போட்டது போட்ட இடத்தில் கிடைக்கிறதா என்பதுதான் அடுத்த கேள்வி. இங்கே ரிசால்வ் கெட்டி. கிளிப்புக்கு கீவேர்டு போட்டுவிட்டு, ஸ்மார்ட் பின்னில் (கிளிப்புகளைப் போட்டு வைக்கிற கூடைக்கு பின் என்று பெயர்) நிபந்தனை கொடுத்தால் பொருந்துகிற கிளிப்புகள் தானாக அதில் வந்து உட்காரும். பெரியவர் பேசிக்கொண்டே இருப்பார், திடீரென்று ஒரு ஸ்க்ரூவை உதட்டில் கவ்விக்கொண்டு சால்டரிங் அயர்னை எடுப்பார், பேச்சு அப்படியே பாதியில் நிற்கும், புகை மட்டும் மேலே போகும். அதற்கு 'வாயில் ஸ்க்ரூ' என்றே ஒரு கீவேர்டு வைத்திருந்தேன். நாலாம் வருஷம் தேடினால் 23 கிளிப். படத்தின் முக்கால்வாசி மௌனம் அங்கிருந்து வந்தது. முதல் வருஷம் எதற்கும் பெயர் போடாமல் சோம்பேறித்தனமாக விட்டதற்குப் பிற்பாடு மூன்று வாரம் தண்டம் அழுதேன், அது வேறு கதை.

இலவசத்தில் கிடைக்காதவையும் இருக்கின்றன. பேச்சைத் தானாக எழுத்தாக்கும் வசதி ஸ்டூடியோ என்கிற கட்டணப் பதிப்பில் மட்டும்தான், அதனால் பேட்டிகளை நானே உட்கார்ந்து தட்டினேன், திட்டிக்கொண்டேதான். படத்தில் விழுகிற புள்ளிகளைக் குறைக்கிற நாய்ஸ் ரிடக்‌ஷனும் கட்டணப் பதிப்பில்தான். கடைக்குள் ஒரே குண்டு பல்பு, படம் முழுக்கப் புள்ளி புள்ளியாக இருந்தது, அப்படியே விட்டுவிட்டேன். வெளியீடு 3840-க்கு 2160 பிக்சலுக்கு மேல் போகாது, எனக்கு அதுவே அதிகம். என்னுடைய பழைய லேப்டாப்பில் 4கே நொண்டியது, ப்ராக்ஸி (எடிட்டுக்கு மட்டும் உதவுகிற சின்ன நகல்) போட்ட பிறகு ஓடியது, ப்ராக்ஸிக்குக் காசு இல்லை. காட்சிகளின் நிறத்தைச் சீராக்குகிற கலர் கிரேடிங் பற்றிச் சொல்லவே வேண்டாம், இந்த மென்பொருள் பிறந்ததே அதற்காகத்தான். விஷுவல் எஃபெக்ட்ஸ் செய்கிற ஃப்யூஷன் பக்கம் நான் எட்டியே பார்க்கவில்லை.

புதிதாக வருகிறவர்கள் மாட்டிக்கொள்கிற இடம் ஒன்று உண்டு. ரிசால்வில் நீங்கள் செய்த எடிட் தனிக் கோப்பாக உங்கள் ஃபோல்டரில் இருக்காது, அதன் டேட்டாபேஸுக்குள் இருக்கும். ஃபுட்டேஜை மட்டும் நகல் எடுத்து வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்காதீர்கள். புராஜெக்டையும் அவ்வப்போது எக்ஸ்போர்ட் செய்து வேறு இடத்தில் வையுங்கள். மூன்றாம் வருஷம் என் ஹார்டு டிஸ்க் ஒன்று டிக் டிக் என்று சத்தம் போட்டுச் செத்தது (எந்தக் கம்பெனி என்று சொல்லப்போவதில்லை). இன்னொரு டிஸ்க்கில் இருந்த நகலைக் காட்டி ரீலிங்க் கொடுத்தேன், டைம்லைனில் சிவப்பாகக் கிடந்தவை ஒவ்வொன்றாக உயிர் பெற்றன. நகல் எடுக்காமல் விட்டிருந்த இரண்டு நாள் மழைக் காட்சி மட்டும் போயே போச்சு. அதில் மென்பொருளின் தப்பு ஒன்றும் இல்லை.

அப்புறம், நடுவில் பதிப்பை மாற்றாதீர்கள். புதிய பதிப்புக்கு ஏற்றிய புராஜெக்டைப் பழையதில் திறக்க முடியாது. அப்டேட் வந்திருக்கிறது என்று அது கேட்கும்போதெல்லாம் வேண்டாம் என்று அமுக்கியே காலத்தை ஓட்டினேன். கடைசி மாஸ்டர் வெளியே வந்து, மூன்று டிஸ்க்கில் ஏறிய அன்று ராத்திரிதான் புதியதைப் போட்டேன். நன்றாகத்தான் இருக்கிறது, வேகமாகவும் இருக்கிறது. பின்கள் எல்லாம் காலி.