பொம்மைப் பூங்கா விளம்பரம் பார்த்து வேன் பிடிக்கப் போகிறவர்களுக்கு

பாடசாலை விடுமுறை நெருங்கினால் பேஸ்புக்கில் அந்தப் பொம்மைப் பூங்கா விளம்பரமும் வந்துவிடும். வண்ணக் கட்டைகளால் கட்டிய ஒரு குட்டி நகரம், வாய் பிளந்த டைனோசர், பொம்மை ரயிலில் உட்கார்ந்து சிரிக்கும் பிள்ளைகள். போன கிழமை பண்டாரவளையில் இருக்கும் என் நாத்தனார் அதை வட்ஸ்அப்பில் அனுப்பி, "அண்ணி, இங்க வருதாம். பிள்ளைங்கள கூட்டிட்டுப் போகவா?" என்று கேட்டாள். பெயர் வேறு, ஊர் வேறு. படங்கள் மட்டும் நுவரெலியாவில் எங்களை ஏமாற்றிய அதே படங்கள். அவளுக்குச் சொல்ல வேண்டியதை எல்லோருக்குமாகவே எழுதிவிடுகிறேன்.

அந்தப் பூங்காவின் பெயரைப் போடவில்லை. ஊருக்கு ஊர் பெயரை மாற்றிக்கொள்கிறவர்களுக்குப் பெயர் ஓர் அடையாளமே இல்லை. அவர்கள் காசு கறக்கும் முறை மாறாது, அதைத் தெரிந்துகொண்டால் போதும்.

நாங்கள் போனது 2025 ஏப்ரல் சீசனில். அந்த மாதம் நுவரெலியா எப்படி இருக்கும் என்று தெரியும்தானே. குதிரைப் பந்தயம், மலர்க் கண்காட்சி, கொழும்பு வாகனங்கள், நானுஓயாவிலிருந்தே ஊர்ந்து போகும் வரிசை. தலவாக்கலையிலிருந்து போகிற எங்களுக்கே வழக்கத்தைவிட இரண்டு மடங்கு நேரம் எடுத்தது. நானும் கணவரும், அத்தை, ஆறு வயது மகள், மூன்று வயது மகன். விளம்பரத்தில் இரண்டு விஷயங்கள் பெரிதாக இருந்தன: 'ஒரே டிக்கட், எல்லா விளையாட்டும்', '5 வயதுக்குக் கீழ் இலவசம்'.

வாகனம் நிறுத்த முதலில் 300 ரூபா. அங்கிருந்து டிக்கட் கவுண்டருக்குப் போகிற பாதையை எங்கே வைத்திருக்கிறார்கள் தெரியுமா? கம்பி வலைக்கு அந்தப் பக்கம் பொம்மை ரயில் ஓடுகிறது. அதை ஒட்டியே வரிசை. பிள்ளைகள் அரை மணி நேரம் அந்த ரயிலையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். கவுண்டருக்குப் போய்ச் சேரும்போது மகன் ஏற்கெனவே அந்த ரயிலில் ஏறிவிட்டான், மனதால்.

"சின்னவருக்கும் டிக்கட் எடுக்கணும் அக்கா."

"மூணு வயசுதானே தம்பி, இலவசம்னு போட்டிருக்கே?"

"அது சீசன்ல இல்ல அக்கா. சாதாரண நாள்ல மட்டும்தான்."

விளம்பரத்தில் அப்படி ஒரு வார்த்தையும் இல்லை. ஆளுக்கு 1,500, ஐந்து பேருக்கு 7,500 ரூபா. எந்த விளையாட்டிலும் ஏறப் போகாத, முழங்கால் வலியோடு பெஞ்சில் உட்காரப் போகிற அத்தைக்கும் முழு டிக்கட். தோட்டத்தில் ஒரு நாள் அடிப்படைச் சம்பளம் அப்போது 1,350 ரூபா. ஐந்தரை நாள் கொழுந்து பறிக்கிற காசு, வாசலைத் தாண்டுவதற்கு மட்டும். எங்களுக்கு முன்னால் நின்ற குடும்பம் தோட்டத்திலிருந்து வந்தவர்கள். அப்பா காசை எண்ணிப் பார்த்துவிட்டு, அம்மாவையும் பிள்ளைகளையும் மட்டும் உள்ளே அனுப்பிவிட்டு வெளியே தங்கிவிட்டார்.

திரும்பிப் போயிருக்கலாமே என்று கேட்பவர்கள், வேனில் வாந்தி எடுத்துக்கொண்டு வந்து, கம்பி வலையைப் பிடித்து நிற்கிற பிள்ளையை ஒருமுறை வீட்டுக்குத் திருப்பிக் கூட்டிப் போய்ப் பார்க்க வேண்டும். அந்த வியாபாரமே இந்த இடத்தில்தான் நடக்கிறது. எங்கெல்லாம் பிள்ளை பொம்மையைக் கண்டுவிட்டதோ, அங்கெல்லாம் புதிதாக ஒரு கட்டணம் இருக்கும்.

வாசலில் பை சோதனை. வெளிச் சாப்பாடு கொண்டுபோக முடியாதாம். அத்தை விடியற்காலையில் சுட்ட ரொட்டியும் சம்பலும் வாசலிலேயே ஒரு மேசையில் தங்கிவிட்டன. பிள்ளையின் பால் போத்தலைப் பெரிய மனது பண்ணி விட்டார்கள்.

உள்ளே போனால் கட்டை நகரம் எங்கே என்று மகள் தேடுகிறாள். ரிஜிபோமில் வெட்டி, சாயம் அடித்து, மழையில் நனைந்து உரிந்த நாலைந்து உருவங்கள். தையல் விட்டு வயிற்றுப் பஞ்சு வெளியே வந்த ஒரு பெரிய கரடிப் பொம்மை, அதோடு படம் எடுக்க 200 ரூபா. பந்துத் தொட்டியின் அடியில் ஈரம், பூஞ்சண மணம். பற்றரிக் காரில் பாதி ஓடவில்லை. வேலைக்கு வைத்திருந்த பையன்களே பின்னால் நின்று தள்ளுகிறார்கள். அந்தப் பையன்கள்மேல் எனக்குக் கோபமில்லை. காலையிலிருந்து தேத்தண்ணிகூடக் குடிக்கவில்லை என்று ஒருவன் சொன்னான்.

படங்களின் கதையை வீட்டுக்கு வந்த பிறகு என் தம்பி கண்டுபிடித்தான். விளம்பரப் படத்தை கூகுள் லென்ஸில் போட்டான். அது மலேசியாவின் ஜொகூரில் இருக்கும் லெகோலாண்ட். 2012இல் திறந்த பூங்கா. அங்கே ஆசிய நகரங்களின் கட்டடங்களை லெகோ கட்டைகளால் சிறியதாகக் கட்டி வைத்திருக்கிறார்கள். நன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தால் படத்தின் ஓரத்தில் கோலாலம்பூர் பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரமே நிற்கிறது! நுவரெலியாவில் பெட்ரோனாஸ் கோபுரம். போனில் படத்தை அழுத்திப் பிடித்துத் தேட அரை நிமிடம்கூட ஆகாது. யாராவது இப்படிப் படம் அனுப்பினால் முதலில் அதைச் செய்யுங்கள்.

சரி, 'எல்லா விளையாட்டும்' என்றார்களே? டிக்கட்டில் சேர்ந்தது சறுக்குமரம், ஊஞ்சல், பந்துத் தொட்டி. ரயில், கார், ஜம்பிங் காசல் (பிள்ளைகள் ஏறிக் குதிக்கிற காற்றுக் கோட்டை) எல்லாவற்றுக்கும் தனியாகக் கார்ட் வாங்க வேண்டும். இந்தக் கார்ட் கணக்கைக் கொஞ்சம் பொறுமையாகப் பாருங்கள், யாரோ உட்கார்ந்து யோசித்துப் போட்ட கணக்கு. கார்டுக்கு 200 ரூபா, அது திரும்பக் கிடைக்காது. முதலில் குறைந்தது 1,000 ரூபா ஏற்ற வேண்டும். ஒரு விளையாட்டு ஒரு பிள்ளைக்கு 350. இரண்டு பிள்ளைகளும் ரயிலில் ஏறினால் 700 போய்விடும், மீதி 300. அதை வைத்துக்கொண்டு எதிலும் ஏற முடியாது. மேலே ஏற்றுவதென்றால் 500, 500 ஆகத்தான். 300உம் 500உம் 800. மறுபடி இரண்டு பேர் ஏறினால் மீதி 100. மீதியைக் காசாகத் தரமாட்டார்கள், அடுத்த நாளும் செல்லாது. ரயில் ஒரு சுற்று சுற்றி நிற்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. மகன் இறங்க மாட்டேன் என்று கம்பியைப் பிடித்துக்கொண்டான். இறக்கும் இடத்துக்கு எதிரே என்ன இருக்கிறது என்கிறீர்கள்? கார்டுக்குக் காசு ஏற்றும் கவுண்டர்.

தண்ணீர்ப் போத்தலிலும் அதேதான். 500 மில்லிலீட்டர் போத்தல் 150 ரூபாவுக்குக் கொடுத்தார்கள். அந்த ஏப்ரல் முதலாம் தேதியிலிருந்து அந்த அளவுப் போத்தலுக்கு அரசாங்கம் வர்த்தமானியில் போட்ட உச்ச விலை 70 ரூபா. சீசன் விலை, மலை விலை என்று ஒன்றும் கிடையாது. நான் கேட்டதற்கு, "ஏத்திக் கொண்டுவாற செலவு இருக்கே அக்கா" என்றார் கடைக்காரர். கணவர் விடாமல் நின்று பில் கேட்டு வாங்கினார். கடைசியில் எங்களுக்குப் பிரயோசனப்பட்டது அந்த ஒரு துண்டுப் பில்தான், அதைப் பிறகு சொல்கிறேன்.

இதுவரை சொன்னது காசுக் கதை. காசு போனால் போகட்டும் என்று விட்டுவிட்டு வந்திருப்பேன், இதை எழுதவும் மாட்டேன். எழுத வைத்தது ஜம்பிங் காசல்.

ஏப்ரலில் நம்ம பக்கம் மத்தியானத்துக்குப் பிறகு மழை இருட்டிக்கொண்டு வருவதும், முதலில் காற்று அடிப்பதும் இங்கே பிறந்த எல்லோருக்கும் தெரியும். காற்று தொடங்கிய பிறகும் அந்தக் கோட்டைக்குள் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டே இருந்தார்கள். பெரிய பிள்ளைகளும் கைக்குழந்தையைவிடக் கொஞ்சம் பெரியவர்களும் ஒன்றாக. எத்தனை பேர் என்று எண்ண ஆளில்லை. நான் சுற்றி நடந்து கயிறுகளைப் பார்த்தேன். இரண்டு மூலை மண் மூட்டையில். ஒரு மூலை ஜெனரேட்டரின் காலில். நான்காவது கயிறு எதிலும் கட்டாமல் புல்லில் கிடந்தது.

அப்போது கரண்ட் போனது. இந்தக் கோட்டைகள் பலூன் மாதிரி ஒருமுறை ஊதி அடைத்து வைப்பவை அல்ல. தையல் வழியாகக் காற்று போய்க்கொண்டே இருக்கும், ஊதுகிற மோட்டார் நிற்காமல் ஓடினால்தான் நிற்கும். மோட்டார் நின்றதும் கோபுரங்கள் உள்பக்கமாக மடிந்தன. உள்ளே பிள்ளைகள் கத்துகிறார்கள். பொறுப்பாக நின்ற பையன் ஜெனரேட்டரைப் பார்த்து ஓடுகிறான், பிள்ளைகளைப் பார்த்து அல்ல. கணவரும் வேறு சில தகப்பன்மாரும் செருப்போடே ஏறி, துணியைத் தூக்கிப் பிடித்து, ஒவ்வொருவராக இழுத்து வெளியே எடுத்தார்கள். உள்ளே இருந்த என் மகளுக்கு முழங்கை சிராய்ப்பு மட்டும். வேறொரு சின்னப் பிள்ளை பயத்தில் மூச்சுவிட முடியாமல் திணறியது. அதன் அம்மா நின்ற நிலை இன்னும் கண்ணில் நிற்கிறது.

இதைப் பெரிதுபடுத்துகிறேன் என்று நினைக்காதீர்கள். 2021 டிசம்பரில் அவுஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில், டெவன்போர்ட் என்ற ஊரில், ஒரு பாடசாலை மைதானத்தில் காற்று இந்த மாதிரிக் கோட்டையைத் தூக்கியதில் ஆறு பிள்ளைகள் இறந்துபோனார்கள். ஐரோப்பாவில் இதற்கென்று இருக்கும் தரவிதிப்படி காற்று மணிக்கு 38 கிலோமீட்டரைத் தாண்டினால் யாரையும் ஏற்றக்கூடாது. குறைந்தது ஆறு இடத்திலாவது நிலத்தோடு இறுக்கிக் கட்ட வேண்டும். நமக்குக் காற்றை அளக்கக் கருவி தேவையில்லை. சவுக்கு மரம் ஆடுகிற ஆட்டத்தைப் பார்த்தாலே தெரியும். ஏற்றுவதற்கு முன் கயிறுகளை ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள். வேலையாள் முறைத்தால் முறைக்கட்டும்.

முகாமையாளர் என்று ஒருவரைத் தேடிப் பிடித்தோம். அவர் மன்னிப்புக் கேட்கவில்லை, டிக்கட்டைத் திருப்பிக் காட்டினார். பின்பக்கத்தில் எறும்பு எழுத்தில் ஆங்கிலத்திலும் சிங்களத்திலும்: விபத்துக்கு நிர்வாகம் பொறுப்பில்லை, காசு திருப்பித் தரப்படாது. தமிழர் இவ்வளவு பேர் வாழும் மாவட்டத்தில், காசு வாங்கும் விளம்பரம் மட்டும் நல்ல தமிழில் இருந்தது. விளையாட்டுகளுக்கான உயரம், வயதுக் கட்டுப்பாடுகூடத் தமிழில் இல்லை. "கார்ட்ல மீதி இருக்கிற காசையாவது குடுங்க சார்" என்று கேட்டதற்கு, அதற்குப் பதிலாக என்று பிள்ளைகள் கையில் ஆளுக்கொரு மின்னும் பொம்மையைக் கொடுத்து அனுப்பினார்.

அந்தப் பொம்மை வேறு ஒரு வில்லங்கம். வேனில் வரும்போது மகன் அதைத் தட்டியதும் அடிமூடி கழன்று விழுந்தது. திருகாணி இல்லை. உள்ளே சட்டைப் பொத்தான் அளவில் மூன்று பற்றரிகள். ஒன்றை அவன் விரலில் எடுத்துவிட்டான். அத்தை பாய்ந்து பறித்தார். இந்தப் பொத்தான் பற்றரி தொண்டைக்குள் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயைச் சுட்டுப் புண்ணாக்கிவிடும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே வாந்தி எடுக்க வைக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். வாகனம் இல்லையென்றால் 1990 சுவசெரிய அம்புலன்ஸ், காசு இல்லை. சீசனில் ஏரிக்கரையில், திருவிழாவில் விற்கிற மின்னும் பொம்மைகளிலும் இந்தப் பற்றரிதான். மூடியில் திருகாணி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

வீட்டுக்கு வந்து அவர்கள் பேஸ்புக் பக்கத்தில் நடந்ததை எழுதினேன். சற்று நேரத்தில் அது அழிந்தது, என்னையும் தடுத்துவிட்டார்கள். விளம்பரத்தில் இருந்த இலக்கம் அடித்துக்கொண்டே இருந்தது, எடுப்பாரில்லை.

அப்புறம்தான் 1977க்கு அழைத்தோம். அது பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் இலக்கம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் அவர்களுடையது. ஏமாற்றும் விதமாக விளம்பரம் செய்வது, கேட்டும் பில் தராமல் இருப்பது எல்லாம் அந்தச் சட்டத்துக்குள் வருகிறது. முறைப்பாட்டை எழுத்தில் கொடுக்க வேண்டும், மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். பிறகு பார்ப்போம் என்று விட்டுவைத்தால் கதவு சாத்திவிடும். எங்கள் முறைப்பாட்டில் விளம்பரப் படம், டிக்கட், கார்ட் எல்லாம் வைத்தோம். எடுத்தவுடன் அவர்கள் பிடித்துக்கொண்டது தண்ணீர்ப் போத்தல் பில்லை. உச்ச விலைக்கு மேல் விற்றதற்கு அதற்குமேல் சாட்சி வேண்டாம். நிறுவனம் என்றால் குறைந்த தண்டமே 5 லட்சம். மற்றவற்றுக்கு ஆளைத் தேட வேண்டும். ஆளோ சீசன் முடிந்ததும் கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்.

பண்டாரவளைப் பக்கம் இருப்பவர்களுக்கு: இம்முறை 'முன்பதிவுக்குப் பாதி விலை' என்று ஒருவருடைய தனிப்பட்ட வங்கிக் கணக்குக்குக் காசு போடச் சொல்கிறார்கள். போடாதீர்கள். ஏற்கெனவே போட்டுவிட்டவர்கள் வங்கிச் சீட்டையும், விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷொட்டையும் இப்போதே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அவர்கள் பக்கத்தை அழிப்பதற்கு முன். என் நாத்தனார் பிள்ளைகளோடு இங்கே வரட்டும் என்று சொல்லியிருக்கிறேன். நுவரெலியா விக்டோரியா பூங்காவில் ஊஞ்சல் இருக்கிறது, அம்பேவெலயில் மாடு பார்க்கலாம். அத்தையின் ரொட்டியையும் யாரும் பிடுங்க மாட்டார்கள்.