ஆய்வுக்கென்று வாங்கிச் சென்ற கல் திரும்பி வரவில்லை: பர்கூர், போச்சம்பள்ளி வட்டாரத்தாருக்கு ஓர் எச்சரிக்கை

கற்காலக் கருவிகளை இனங்கண்டு சான்றிதழ் தருவதாகச் சொல்லிக்கொண்டு நம் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஊர் ஊராக வரும் ஒருவரிடம், மூன்று தலைமுறையாக எங்கள் வீட்டுப் பூசை மாடத்தில் இருந்த புதிய கற்காலக் கற்கோடரி ஒன்றை நான் பறிகொடுத்துவிட்டேன். அவரைப் போன்றவர்கள் தருமபுரிப் பக்கமும் வந்து போவதாகக் கேள்விப்படுகிறேன். நிலத்தில் கிடைத்த கல்லையோ, தாத்தா காலத்திலிருந்து வீட்டில் இருக்கும் கல்லையோ யாரிடமும் கையில் கொடுத்து அனுப்புவதற்கு முன் இதை ஒருமுறை படித்துவிடுங்கள்.

எங்கள் ஊர் பர்கூருக்கும் போச்சம்பள்ளிக்கும் இடையில் இருக்கிறது. தாத்தா கிணறு வெட்டியபோது மேல்மண்ணில் கிடைத்த அந்தக் கல்லைப் பாட்டி வானத்திலிருந்து இடியோடு விழுந்தது என்று நம்பினார். வெள்ளிக்கிழமைதோறும் எண்ணெய் தடவி, மஞ்சள் குங்குமம் வைத்து, மரப்பலகை ஒன்றின்மேல் நிறுத்தி வைத்திருந்தார். சேர்வராயன் மலையிலும் சவ்வாது மலையிலும் இத்தகைய கோடரிகளைச் சிறு கோயில்களில் சாமியாக வைத்து வழிபடும் வழக்கம் உண்டு; எங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருந்தது. மயிலாடும்பாறை அகழாய்வில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022ஆம் ஆண்டு சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்ட பிறகுதான், எங்கள் நிலத்திலிருந்து வெகுதொலைவில் இல்லாத ஓர் இடத்துக்கு அத்தனை பழைமை இருக்கிறது என்பது எனக்கு உறைத்தது. 2024இல் ஊத்தங்கரைப் பக்கம் சென்னானூரில் அகழாய்வு நடந்து, வழவழப்பான கற்கோடரியின் படம் செய்தித்தாளில் வந்தபோது, அது எங்கள் பூசை மாடத்துக் கல்லின் உடன்பிறப்பைப் போல இருந்தது. அந்த ஆர்வத்தில்தான் மாந்தோப்பில் கிடைத்த வேறு சில கற்களையும் சேர்த்து வைக்கத் தொடங்கினேன்.

உறவினர் ஒருவர் மூலமாக அந்த நபர் வந்தார். தன்னை ஆய்வாளர் என்று சொல்லிக்கொண்டார். அடையாள அட்டையும் காட்டினார். திண்ணையில் பரப்பியிருந்த முப்பதுக்கும் மேற்பட்ட கற்களில் ஒன்றைக்கூட அவர் வேண்டாம் என்று ஒதுக்கவில்லை என்பதை இப்போது நினைத்துப் பார்க்கிறேன். உண்மையாகவே கல் பார்க்கத் தெரிந்தவர் பத்தில் ஒன்பதைக் கீழே வைத்துவிடுவார். இவரோ ஒவ்வொரு கல்லையும் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஒன்றில் காளையின் முகம், ஒன்றில் பறவை, ஒன்றில் தாயும் சேயும் இருப்பதாகச் சொன்னார். ஆதி மனிதர் கையில் எடுத்துச் செல்லும் அளவுக்குச் சிறிய கற்களில் செதுக்கிய கலை என்றார். எனக்குத் தெரியவில்லை என்று சொன்னபோது சுண்ணக்கட்டியால் கல்லின் மேலேயே கோடு இழுத்து, “இப்போது தெரிகிறதா சார்?” என்று கேட்டார். கோடு போட்ட பிறகு யாருக்குத்தான் தெரியாது?

பிறகு நான் படித்தும் கேட்டும் அறிந்தவற்றைச் சொல்கிறேன். நம் பகுதியில் நிலத்தை ஊடறுத்து ஓடும் கருங்கல் வரிகள் வெயிலிலும் மழையிலும் வெங்காயத் தோல் போல அடுக்கடுக்காக உரிந்து, உருண்டைக் கற்களாக மாறுபவை. அப்படி உரியும்போது கண் போன்ற குழியும், மூக்கு போன்ற முனையும் தாமாகவே உண்டாகும். கல்லின் விரிசலுக்குள் மாங்கனீசு கசிந்து படிந்தால், பெரணிச் செடியை வரைந்தது போன்ற கறுப்புக் கோலம் விழும். அவர் அதைக் காட்டி ஓவியம் என்றார். மனிதக் கண் எதிலும் முகத்தைத் தேடும் இயல்புடையது, மேகத்தில் யானையைப் பார்ப்பதைப் போல. தென்னாப்பிரிக்காவின் மகபன்ஸ்காட் குகையில் 1925இல் கிடைத்த சிவந்த கூழாங்கல் ஒன்றில் முகம் அப்பட்டமாகத் தெரிகிறது. அதைக்கூட யாரும் செதுக்கவில்லை, இயற்கையில் உண்டானது என்றுதான் ஆய்வாளர்கள் கொள்கிறார்கள். அந்தக் குகைக்கு அருகில் அவ்வகைக் கல் இல்லை, பல கிலோமீட்டர் தொலைவிலிருந்து ஓர் உயிர் அதை எடுத்து வந்திருக்க வேண்டும் என்பதனால்தான் அதற்கு மதிப்பு. கோலான் குன்றுகளில் 1981இல் கிடைத்த பெரெகாத் ராம் கல்லைப் பெண்ணுருவம் என்று சொல்வதற்கும், அதன் பள்ளங்கள் கருவியால் கீறப்பட்டவையா என்று நுண்ணோக்கி வைத்துப் பார்க்க வேண்டியிருந்தது. திண்ணையில் உட்கார்ந்து சுண்ணக்கட்டியால் தீர்க்கும் காரியம் அன்று அது. இந்த மாவட்டத்தில் உண்மையான தொல்கலையைப் பார்க்க வேண்டுமென்றால் மல்லப்பாடிக்குச் சென்று, பாறையில் வெண்மை நிறத்தில் தீட்டிய உருவங்களைப் பார்க்கலாம். அங்கே யாரும் கோடு இழுத்துக் காட்ட வேண்டியதில்லை.

கருவியை அறிவதற்கும் வழி இருக்கிறது. மனிதன் ஒரு கல்லை இன்னொரு கல்லால் அடித்துச் சில்லு பெயர்க்கும்போது, அடிபட்ட இடத்தை ஒட்டி ஒரு சிறு குமிழ் புடைத்து நிற்கும். அங்கிருந்து, குளத்தில் கல் எறிந்தால் எழும் அலையைப் போல வளைவளைவான வரிகள் விரியும். ஆற்றில் உருண்டோ ஏரில் பட்டோ உடைந்த கல்லில் எப்போதாவது ஓர் இடத்தில் இந்தக் குறி விழலாம். ஆனால் விளிம்பு நெடுகிலும், இரு பக்கத்திலிருந்தும், ஒரே நோக்கத்தோடு சில்லுகள் அடுத்தடுத்துப் பெயர்க்கப்பட்டிருந்தால் அது கையின் வேலை. நிலவியலாளர் இராபர்ட் புரூஸ் ஃபூட் 1863இல் பல்லாவரத்தில் கண்டெடுத்த கைக்கோடரியைக் கருவி என்று உறுதியாகச் சொல்ல வைத்தது இத்தகைய வேலைப்பாடுதான். புதிய கற்காலக் கோடரியின் செய்முறை வேறு. கல்லை முதலில் சில்லு பெயர்த்து வடிவாக்கி, பிறகு பொடிப்பொடியாகக் கொத்தி மேடுகளைத் தட்டையாக்கி, கடைசியில் தண்ணீரும் மணலும் இட்டுப் பாறையில் தேய்ப்பார்கள். தேய்ப்பு பெரும்பாலும் வெட்டுவாயில்தான் முழுமையாக இருக்கும். பின்பகுதியில் கொத்திய புள்ளிகள் அப்படியே நிற்கும்.

அவர் எங்கள் பூசை மாடத்துக் கல்லைப் பார்த்தபோது மட்டும் பேசவில்லை. மற்ற கற்களுக்கெல்லாம் கதை சொன்னவர், இதைக் கையில் வாங்கி வெட்டுவாயில் பெருவிரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, “இதை ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும்” என்று மட்டும் சொன்னார். அந்த ஒரு கணத்தில் நான் விழித்திருக்க வேண்டும். சான்றிதழுக்கும் ஆய்வுக்குமாக 6,000 ரூபாய் வாங்கிக்கொண்டு, ரசீது எதுவும் தராமல், கல்லைத் துணியில் சுற்றி எடுத்துச் சென்றார்.

ஐந்து வாரம் கழித்துக் கல்லும் சான்றிதழும் வந்தன. கார்பன் ஆய்வின்படி அந்தக் கல் 30,000 ஆண்டுப் பழைமையானது என்று அதில் அச்சிட்டிருந்தது. கார்பன் முறை கரி, எலும்பு, விதை போன்ற உயிர்ப்பொருள்களின் காலத்தைக் கணிப்பது. கருங்கல்லில் அதற்கு வேலையே இல்லை. மயிலாடும்பாறையின் காலமும் இரும்போடு மண்ணடுக்கில் கிடைத்த கரியை வைத்துக் கணிக்கப்பட்டதுதான். திருவள்ளூர் மாவட்டத்து அத்திரம்பாக்கத்தில் கற்கருவிகளையே ஆய்ந்து 15 இலட்சம் ஆண்டு என்று 2011இல் வெளியிட்டார்கள் என்றால், அது மண்ணடுக்கில் புதைந்திருந்த கருவிகளில் விண்கதிர்கள் விட்டுச்சென்ற தடயத்தை அளந்து செய்த வேறொரு முறை. மூன்று தலைமுறை எண்ணெய் குடித்த கல்லுக்கு ஐந்து வாரத்தில் காலம் சொல்லிவிட முடியாது.

என் மனைவிதான் முதலில் கண்டுபிடித்தார். கல்லை மீண்டும் பலகையில் வைக்கப் போனபோது, அது பொருந்தவில்லை. பல ஆண்டுகளாக எண்ணெய் இறங்கி, பலகையில் கல்லின் அடிப்பகுதி கறுப்பு வட்டமாகப் பதிந்திருக்கிறது. வந்த கல் அந்த வட்டத்தைவிட ஒரு விரல் அளவு அகலமாக இருந்தது. ஈரத்துணியால் துடைத்தபோது செம்மண் நிறம் துணியில் ஒட்டிக்கொண்டு, உள்ளே புதுக் கருமை தெரிந்தது. கிரானைட் மெருகூட்டும் பட்டறையில் வேலை செய்யும் பக்கத்து வீட்டுத் தம்பி அதை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துவிட்டு, “அண்ணா, இது மெஷின் வட்டு ஓடின கீறல். எல்லாம் ஒரே பக்கம் வளைஞ்சிருக்கு பாருங்க” என்றார். எங்கள் கல்லின் பின்பகுதியில் இருந்த கொத்துப் புள்ளிகள் ஒன்றுகூட இதில் இல்லை.

அவரைத் தொலைபேசியில் அழைத்தபோது, கொடுத்த கல்லைத்தான் திருப்பித் தந்தேன், ஆய்வகத்தில் சுத்தம் செய்ததால் வேறாகத் தெரிகிறது என்றார். மீண்டும் அழைத்தபோது, முகம் தெரிவதாகச் சொன்ன மற்ற கற்களை வெளிநாட்டுக்கு வாங்கிக்கொள்ள ஆள் இருப்பதாகச் சொல்லிப் பேச்சை மாற்றினார். நூறு ஆண்டைக் கடந்த தொல்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் இடம் தரவில்லை. உள்நாட்டில் விற்பனைத் தொழில் செய்வதற்கும் உரிமம் வேண்டும். அதன்பின் அவர் எடுக்கவே இல்லை. காவல் நிலையத்தில் மனு கொடுத்திருக்கிறேன். தொல்லியல் துறைக்கும் எழுதியிருக்கிறேன். என்னிடம் ரசீது இல்லை என்பதுதான் ஒவ்வோர் இடத்திலும் முதல் தடையாக வந்து நிற்கிறது.

ஆகவே உங்கள் நிலத்தில் அப்படி ஏதேனும் கிடைத்தால், கழுவாமல், சுரண்டாமல், எந்த இடத்தில் எவ்வளவு ஆழத்தில் கிடைத்தது என்று அன்றே எழுதி வையுங்கள். இடம் தெரியாத கருவி பாதி ஊமையாகிவிடுகிறது. பக்கத்தில் அளவுகோல் வைத்து இரு முகத்தையும் விளிம்பையும் படமெடுங்கள். பிறகு கிருஷ்ணகிரியிலோ தருமபுரியிலோ உள்ள அரசு அருங்காட்சியகத்துக்கு நீங்களே எடுத்துச் சென்று காட்டுங்கள். யாராக இருந்தாலும், எழுத்தில் பெற்றுக்கொள்ளாமல் கல்லை விட்டுவிட்டு வராதீர்கள்.

ஆயுத பூசை அன்று எடுத்த ஒரே ஒரு படத்தில் எங்கள் கல் ஓரமாகத் தெரிகிறது. முக்கோண வடிவம், ஏறத்தாழ 13 செ.மீ. நீளம், வெட்டுவாயின் இடது மூலையில் நெல் அளவுக்கு ஒரு பழைய சிதைவு, பின்பகுதி எண்ணெய் இறங்கிக் கறுத்து, கொத்துப் புள்ளிகளுக்குள் மஞ்சள் ஏறியிருக்கும். பலகை இன்னும் மாடத்திலேயே இருக்கிறது. இப்படி ஒரு கல் எங்கேனும் விற்பனைக்கோ சான்றிதழோடோ உங்கள் கண்ணில் பட்டால், தயவுசெய்து அருகிலுள்ள காவல் நிலையத்துக்கோ தொல்லியல் துறைக்கோ உடனே தெரிவியுங்கள். பலகையை எடுத்துக்கொண்டு நான் வந்து பொருத்திக் காட்டுகிறேன்.