டர்பன் சனிக்கிழமை ஓவிய வகுப்பு: அழகாக வரைய ஆசைப்படுபவர்களுக்கு அல்ல

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், கிளென்வுட் பகுதியில் ஒரு வீட்டுக் கராஜில் நடக்கும் வகுப்பு இது. நடத்தும் அம்மா விளம்பரம் விரும்பாதவர் என்பதால் பெயரை விட்டுவிடுகிறேன். அதே ஊரின் சாட்ஸ்வொர்த் பகுதியிலிருந்து நானும் என் சித்தியும் போய்க்கொண்டிருக்கிறோம்.

மற்ற இடங்களில் "இஷ்டம்போல் வரையுங்கள்" என்று சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்வார்கள். கடைசியில் எல்லார் தாளிலும் ஒரே சேற்று நிறம்தான் மிஞ்சும். இந்த அம்மா எதை வரைவது என்பதில் தலையிடுவதே இல்லை. எதன்மேல் எது நிற்கும் என்பதில் மட்டும் கறார். முதலில் ஜெஸ்ஸோ, அதாவது வண்ணம் பிடிக்கத் தாளில் பூசும் வெள்ளை அடிப்பூச்சு. அது காய்ந்தபின் கரி. கரியின்மேல் ஃபிக்சட்டிவ் (கரி உதிராமல் பிடித்துவைக்கும் ஸ்ப்ரே) அடிக்காமல் அக்ரிலிக் (தண்ணீர் கலந்து பூசும் வண்ணம்) பூசினால் வண்ணம் அழுக்காகிவிடும். எண்ணெய்ப்பசையுள்ள வண்ணக்குச்சியான ஆயில் பேஸ்டல் கடைசியில்தான், எண்ணெய்ப்பசையின்மேல் தண்ணீர் வண்ணம் ஒட்டாது. இவ்வளவு தெரிந்தால் போதும், அப்புறம் கை தானாகவே துணிந்துவிடுகிறது.

பிரஷ் விஷயத்தில்தான் இவர் கெட்டிக்காரர். சுவருக்கு வெள்ளையடிக்கும் அகலப் பிரஷ், காலாவதியான வங்கி அட்டை, இங்க்கில் தோய்த்த மூங்கில் குச்சி என்று எதையாவது கையில் திணிப்பார். ஒரு வாரம் நீளக் கழியின் நுனியில் பிரஷைக் கட்டிக் கொடுத்தார். ஓவியர் மத்தீஸ் 1931-ல் பெரிய சுவரோவியத்துக்கு மூங்கில் கழியில் கரியைக் கட்டித்தான் வரைந்தாராம். சித்திக்கு எரிச்சல். "கோலம் போட்ட கையைக் கெடுக்கிறாங்க" என்றார். ஆனால் அந்த நடுங்கிய கோடுதான் அவர் படத்திலேயே உயிருள்ள இடம். நேர்க்கோட்டில் அவரை அடிக்க ஆளில்லை, அதுவே அவருக்குத் தடையாகவும் இருந்தது.

அழிப்பதையும் இங்கே வரைவதாகவே சொல்லித்தருகிறார்கள். ஜோகன்னஸ்பர்க்கின் ஓவியர் வில்லியம் கென்ட்ரிட்ஜ் ஒரே தாளில் கரியால் வரைந்து, அழித்து, மறுபடி வரைந்து, ஒவ்வொன்றையும் படம்பிடித்துத்தான் தன் அனிமேஷன் படங்களைச் செய்கிறார். அழித்த தடம் மறையாமல் தெரியும், அழகே அதில்தான்.

நான் கோயில் காலண்டர் தாள், ஊதுபத்தி அட்டை, பழைய சேலைக் கரை எல்லாவற்றையும் மேட் மீடியத்தால் (பளபளப்பில்லாத அக்ரிலிக் பசை) ஒட்டுகிறேன். படங்களை ஒட்டுவதென்றால் லேசர் பிரிண்ட் எடுத்துப் போங்கள், இங்க்ஜெட் மை பெரும்பாலும் கரைந்து பரவும். மஞ்சள்தூளையும் கலந்து பார்த்தேன். வெளிச்சத்தில் சீக்கிரம் வெளுக்கும் என்று முன்பே சொல்லிவிட்டார். வெளுக்கட்டும், எனக்கு அது பிடிக்கும்.

குறைகளும் உண்டு. எதைக் காட்டினாலும் "அருமை" என்கிறார். நாலு வார்த்தை கறாராகச் சொன்னால் நன்றாக இருக்கும். தண்ணீர் வற்றினால்தான் அக்ரிலிக் காயும், டர்பனின் பிப்ரவரிப் புழுக்கத்தில் தடித்த பூச்சு லேசில் காய்வதில்லை. அத்தனை பேருக்கும் ஒரே ஒரு ஹேர் டிரையர். அடுத்த அடுக்குக்காகக் காத்திருப்பதிலேயே பாதி நேரம் போய்விடுகிறது. கட்டணமும் கொஞ்சம் கூடுதல்தான். வண்ணங்கள் அதில் அடக்கம், தாள் நம்முடையது. சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள தடித்த தாளாக வாங்குங்கள், மெல்லியது சுருண்டுவிடும்.

பழைய சட்டையே போட்டுக்கொண்டு போங்கள். காய்ந்த அக்ரிலிக் எந்தச் சோப்புக்கும் அசையாது.