61 லட்சம் கையொப்பங்களும் 11 இடங்களும்: பிரிட்டிஷ் நாடாளுமன்ற மனுத்தளத் தரவு, ஒரு மதிப்பீடு

பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் இணையவழி மனுத்தளத்தைப் பலரும் கையொப்பமிடும் இடமாகவே அறிந்திருக்கிறார்கள். ஆனால் ஒவ்வொரு மனுவின் பக்கத்திலும், கண்ணில் படாமலே கடந்துபோகக்கூடிய இணைப்பு ஒன்று உண்டு. அதைச் சொடுக்கினால் அந்த மனுவின் தரவு முழுவதும், கணினி நிரல்கள் நேரடியாகப் படிக்கக்கூடிய ஜேசன் (JSON) வடிவக் கோப்பாகத் திறக்கும். கட்டணம் இல்லை, பதிவு செய்யத் தேவையில்லை, அனுமதி கேட்கவும் வேண்டாம். திறந்த அரசு உரிமத்தின்கீழ் எவரும் எடுத்துப் பயன்படுத்தலாம். பொதுமக்களின் அரசியல் கருத்தை அறிய விரும்பும் இதழாளர், மாணவர், ஆய்வாளர் ஆகியோருக்கு இந்தத் தரவுச் சேவை எந்த அளவுக்குக் கைகொடுக்கும் என்பதே இங்கு என் கேள்வி.

தளத்தின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2006 நவம்பரில் பிரதமர் அலுவலகத்தின் பெயரில் முதல் மனுத்தளம் தொடங்கப்பட்டது. சாலைப் பயன்பாட்டுக் கட்டணத்தை எதிர்த்து 2007-இல் அங்கே 18 லட்சம் பேர் கையொப்பமிட்டனர். அன்றைய பிரதமர் டோனி பிளேர் கையொப்பமிட்டவர்களுக்கு மின்னஞ்சல் வழியாகப் பதில் அனுப்ப வேண்டியதாயிற்று. 2011-இல் அரசு வேறொரு தளத்தைத் திறந்தது. இப்போதைய தளம் அரசும் நாடாளுமன்றமும் சேர்ந்து நடத்துவது. 2015 ஜூலையில் வந்தது. ஐந்து ஆதரவாளர்களைத் திரட்டிய பிறகு மனு பரிசீலனைக்குப் போகும். ஏற்கப்பட்டால் ஆறு மாதம் திறந்திருக்கும். 10,000 கையொப்பங்களுக்கு அரசு பதிலளிக்கும். ஒரு லட்சத்தைத் தொட்டால் மனுக்கள் குழு அதை விவாதத்துக்கு எடுத்துக்கொள்வது பற்றி ஆராயும். நிராகரிக்கப்பட்ட மனுக்களையும் பெரும்பாலும் காரணத்தோடு வெளியிடுகிறார்கள். மக்கள் எதைக் கேட்டார்கள் என்பதோடு, எதைக் கேட்கும்போது கதவு மூடப்பட்டது என்பதும் பதிவில் இருப்பது ஆய்வாளருக்குக் கிடைத்த அரிய வாய்ப்பு.

இனி கோப்பின் உள்ளே பார்க்கலாம். மனுவின் தலைப்பு, விளக்கம், மொத்தக் கையொப்பங்கள், அரசின் பதில், விவாதம் நடந்திருந்தால் அதன் விவரம் ஆகியவை மேலே இருக்கும். அவற்றுக்குக் கீழே முக்கியமான இரண்டு பட்டியல்கள்: ஒன்று நாடுவாரியாக, மற்றொன்று தொகுதிவாரியாக. தொகுதிப் பட்டியலின் ஒவ்வொரு பதிவிலும் தொகுதியின் பெயர், தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் குறியீட்டு எண், உறுப்பினரின் பெயர், கையொப்ப எண்ணிக்கை என நான்கு செய்திகள் உள்ளன. அந்தக் குறியீட்டு எண்தான் இந்தச் சேவையின் உயிர்நாடி. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, தேர்தல் முடிவு, வருமானம், கல்வி என்று அதே எண்ணைத் தாங்கிய எந்த அட்டவணையோடும் இதைச் சில நிமிடங்களில் இணைத்துவிடலாம். பெயர்களை வைத்து இணைக்க முயன்று, எழுத்துக்கூட்டல் வேறுபாட்டால் பாதிப் பதிவுகள் ஒட்டாமல் போகும் துன்பத்தை அனுபவித்தவர்களுக்கு இதன் அருமை புரியும். கையொப்பமிட்டவரின் பெயரோ அஞ்சல் குறியீடோ வெளியே வருவதில்லை. மனுவைத் தொடங்கியவரின் பெயர் மட்டுமே தெரியும். திறந்த தரவுக்கும் தனியுரிமைக்கும் இடையே இவ்வளவு தெளிவாகக் கோடு போட்ட அரசுத் தளங்கள் குறைவு.

650 தொகுதிகளுக்கும் தனித்தனி எண் கிடைப்பது சாதாரணக் காரியமன்று. நாடு தழுவிய கருத்துக்கணிப்பு ஒன்று ஏறக்குறைய ஆயிரம் அல்லது இரண்டாயிரம் பேரைக் கேட்கிறது. ஒரு தொகுதிக்கு இரண்டு மூன்று பேரே தேறுவார்கள். அந்த இடைவெளியை மனுத்தரவு நிரப்புகிறது. லீட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எந்தத் தொகுதி எந்த மனுக்களில் அதிகம் கையொப்பமிட்டது என்பதை மட்டுமே கொண்டு, கட்சி வாக்குகளை ஒதுக்கிவைத்து, நாட்டின் தொகுதிகளை நான்கு குழுக்களாகப் பிரித்துக் காட்டினார்கள். ஒரு தொகுதியின் அக்கறைகளை அதன் கட்சி நிறத்தைப் பார்க்காமலே அறியலாம் என்பதற்கு இது நல்ல சான்று.

இவ்வளவு பாராட்டிய பிறகு 2019-க்கு வர வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகுவதாக ஒன்றிய ஒப்பந்தத்தின் 50-ஆவது பிரிவின்கீழ் பிரிட்டன் அளித்த அறிவிப்பைத் திரும்பப் பெற வேண்டும் என்ற மனு அவ்வாண்டு பிப்ரவரியில் தொடங்கி மந்தமாக நகர்ந்தது. மார்ச் 20 இரவு அன்றைய பிரதமர் தெரசா மே தொலைக்காட்சியில் பேசி, விலகல் தாமதமாவதற்கு நாடாளுமன்ற உறுப்பினர்களைக் குறை கூறினார். மறுநாள் நிமிடத்துக்கு ஏறக்குறைய 2,000 கையொப்பங்கள் குவிந்து தளமே முடங்கியது. இறுதி எண்ணிக்கை 61 லட்சத்துக்கு மேல். இந்தத் தளத்தின் வரலாற்றில் அதுவே மிகப் பெரியது. பிரிஸ்டல் வெஸ்ட், பிரைட்டன் பெவிலியன், கேம்பிரிட்ஜ் போன்ற தொகுதிகள் வரைபடத்தில் அடர்ந்த நிறத்தில் தெரிந்தன. நாடே மனம் மாறிவிட்டது என்று அன்று எழுதியவர்கள் பலர்.

அதே ஆண்டு டிசம்பரில் பொதுத்தேர்தல் நடந்தது. பெரும்பான்மை கிடைத்தால் அந்த அறிவிப்பை ரத்து செய்வோம் என்று வாக்குறுதி அளித்த லிபரல் டெமாக்ரட் கட்சிக்குக் கிடைத்தவை 11 இடங்கள்; கட்சித் தலைவர் ஜோ சுவின்சன் தம் சொந்தத் தொகுதியையே இழந்தார். கன்சர்வேட்டிவ் கட்சி 365 இடங்களைப் பெற்றது.

இதனால் மனுத்தரவு பொய் சொல்லியது என்று ஆகிவிடாது. அது சொன்னதைவிட அதிகமாக நாம் கேட்டுக்கொண்டோம், அவ்வளவே. 2016 பொதுவாக்கெடுப்பில் ஒன்றியத்திலேயே இருக்க வேண்டும் என்று வாக்களித்தவர்கள் 1 கோடியே 61 லட்சம் பேர். கையொப்பமிட்ட அனைவரும் அவர்களிலிருந்தே வந்தவர்கள் என்று வைத்துக்கொண்டாலும், அந்தத் தரப்பில் ஐந்தில் இருவர்கூட ஆகவில்லை. தரப்பு மாறிய ஒரே ஒருவர்கூட இல்லாமலே 61 லட்சத்தை எட்டிவிட முடியும் என்பதே இந்தக் கணக்கின் பொருள். கருத்து மாற்றத்தை அளக்கும் கருவி அன்று இது. ஏற்கெனவே இருக்கும் கருத்தின் சூட்டை அளக்கும் வெப்பமானி. எந்த ஊரில் காய்ச்சல் எவ்வளவு என்று துல்லியமாகச் சொல்லும். எத்தனை பேர் நலமாக இருக்கிறார்கள் என்பதை அதனிடம் கேட்டுப் பயனில்லை.

சேவையின் மிகப் பெரிய குறை இங்கேதான் இருக்கிறது. மறுப்பைப் பதிவு செய்ய இத்தளத்தில் வழியே கிடையாது. ஆதரிக்காதவர், எதிர்ப்பவர், மனுவைப் பற்றிக் கேள்விப்படாதவர் ஆகிய மூவரும் தரவில் ஒரே வெற்றிடமாகவே இருக்கிறார்கள். டொனால்ட் டிரம்பின் அரசுமுறைப் பயணத்தைத் தடுக்கக் கோரிய மனு 18 லட்சத்துக்கு மேல் பெற்றது. அவர் வரவேண்டும் என்ற மனு 3 லட்சத்தைக் கடந்தது. 2017 பிப்ரவரி 20 அன்று இரண்டும் சேர்த்து விவாதிக்கப்பட்டன. ஆதரவும் எதிர்ப்பும் எதிரெதிரே நின்ற அபூர்வமான தருணம் அது. ஆனாலும் இரண்டு எண்களையும் வாக்குகளைப்போல் கூட்டிச் சதவீதம் போட்டவர்கள் தவறான பாதையில் போனார்கள். முதல் மனு கோபத்தில் பிறந்து செய்திகளின் முதுகில் ஏறி வளர்ந்தது. இரண்டாவது, அதற்கு எதிர்வினையாகப் பெருகியது. இரண்டுக்கும் கிடைத்த விளம்பரம் ஒன்றாக இல்லாதபோது எண்களை மட்டும் எப்படி ஒப்பிடுவது?

கையொப்பங்களின் நம்பகத்தன்மை குறித்து அடிக்கடி எழும் ஐயத்தை நான் அவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டேன். 2016-இல் இரண்டாவது பொதுவாக்கெடுப்பு கோரி 41 லட்சம் கையொப்பங்கள் திரண்ட மனுவில், ஆயிரம் பேர்கூட வசிக்காத வத்திக்கான் நகரத்திலிருந்து 39,000-க்கு மேற்பட்ட கையொப்பங்கள் பதிவாகியிருந்தன. குழு ஏறத்தாழ 77,000 கையொப்பங்களை நீக்கியது. இந்த மோசடியைக் காட்டிக்கொடுத்ததே அந்த நாடுவாரிப் பட்டியல்தான் என்பதை மறந்துவிடக் கூடாது. தரவு மூடிக்கிடந்திருந்தால் வேடிக்கை பார்த்தவர் யாருக்கும் அது தெரிந்திருக்காது. நீக்கப்பட்டது மொத்தத்தில் இரண்டு சதவீதத்துக்கும் குறைவு. ஆனால் கையொப்பமிடுபவர் பிரிட்டிஷ் குடிமகன் அல்லது அந்நாட்டில் வசிப்பவர் என்பதற்கு அவரது சொல்லும் மின்னஞ்சல் உறுதிப்படுத்தலும் மட்டுமே ஆதாரம். வாக்காளர் பட்டியலோடு சரிபார்ப்பதில்லை. ஆகவே கையொப்ப எண்ணிக்கையை வாக்காளர் எண்ணிக்கையால் வகுத்து வரும் சதவீதத்தை நிலவரத்தின் அடையாளமாக மட்டும் கொள்வது நல்லது.

காலவரிசைத் தரவு இல்லாதது அடுத்த ஏமாற்றம். கோப்பைத் திறக்கும் நொடியில் உள்ள மொத்தமே கிடைக்கும். நேற்றைய எண் எவ்வளவு, எந்த மணிநேரத்தில் ஏறியது என்பவற்றுக்கு இடமில்லை. வளர்ச்சியை ஆராய விரும்புவோர் தாமே ஒரு நிரலை எழுதி, குறிப்பிட்ட இடைவெளியில் எண்ணிக்கையைச் சேமித்துவர வேண்டும். இது சிறிய குறை அன்று. பழைய பிரதமர் அலுவலகத் தளத்தின் 8,000-க்கும் மேற்பட்ட மனுக்களை ஆராய்ந்த ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள், 94 சதவீத மனுக்கள் 500 கையொப்பங்களைக்கூட எட்டவில்லை என்றும், முதல் நாளில் கிடைக்கும் ஆதரவே பின்னர் நடப்பதைப் பெருமளவு தீர்மானிக்கிறது என்றும் கண்டார்கள். முதல் நாள்தான் முக்கியம் என்றால், அந்த முதல் நாளின் எண்ணையாவது தளமே சேமித்துத் தரலாம். ஓர் ஆறுதல் உண்டு: மனு திறக்கப்பட்ட நேரம், பதில் வரம்பைத் தொட்ட நேரம், விவாத வரம்பைத் தொட்ட நேரம் ஆகிய மூன்றும் நொடித் துல்லியத்தோடு கோப்பில் இருக்கின்றன. 10,000-இலிருந்து ஒரு லட்சத்துக்குப் போக ஆன காலத்தை மட்டும் பல மனுக்களுக்குக் கணக்கிட்டாலே, திடீரெனப் பற்றிக்கொண்ட கோரிக்கை எது, அமைப்புகள் பொறுமையாகத் திரட்டிய ஆதரவு எது என்பது ஓரளவு பிரிந்து தெரியும்.

நம்மவர்களுக்கு இந்தத் தரவு நேரடியாகத் தொடர்பானதும் உண்டு. டெல்லி எல்லையில் நடந்த விவசாயிகள் போராட்டத்தையும் பத்திரிகைச் சுதந்திரத்தையும் பற்றிய மனு ஒரு லட்சத்தைக் கடந்ததால், 2021 மார்ச் 8 அன்று பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர்களிடையே விவாதம் நடந்தது. இந்தியத் தூதரகம் கடுமையாக மறுப்புத் தெரிவித்தது. பிரிட்டிஷ் தூதர் டெல்லியில் வெளியுறவு அமைச்சகத்துக்கு அழைக்கப்பட்டார். இங்குள்ள தொலைக்காட்சி விவாதங்கள், பிரிட்டன் இப்படி நினைக்கிறது என்று ஒரு தரப்பும், பிரிட்டனுக்கு இதில் என்ன வேலை என்று மறுதரப்பும் மோதிக்கொள்வதோடு முடிந்தன. இத்தகைய மனுவில் மொத்த எண்ணிக்கையைவிட அதன் பரவல் முக்கியமானது. 650 தொகுதிகளிலும் ஏறக்குறையச் சமமாகக் கிடைத்த ஆதரவுக்கும், புலம்பெயர்ந்தோர் செறிந்து வாழும் சில தொகுதிகளில் குவிந்த ஆதரவுக்கும் அரசியல் பொருள் வேறு. இரண்டாவது, அந்தத் தொகுதி உறுப்பினருக்குத் தவிர்க்க முடியாத அழுத்தம், ஆனால் நாட்டின் பொதுக்கருத்து என்று அதைச் சொல்ல இயலாது. அட்டவணையைத் திறந்து வரிசைப்படுத்த ஐந்து நிமிடம் போதும். அதைச் செய்துவிட்டு விவாதத்துக்கு வந்தவர்களை நான் பார்க்கவில்லை.

யாருக்கு இதைப் பரிந்துரைப்பேன்? தேர்தல் முடிவைக் கணிக்க விரும்புவோருக்கு நிச்சயமாக இல்லை. 2024 ஜூலையில் தொழிற்கட்சி பெரும் வெற்றி பெற்ற சில மாதங்களுக்குள்ளேயே மீண்டும் தேர்தல் வேண்டும் என்ற மனு 30 லட்சத்தை எட்டியது. ஆட்சியின் மீது கோபம் எங்கே திரள்கிறது என்பதற்கு அது பயன்படும், அடுத்த வாக்குப்பெட்டியில் என்ன விழும் என்பதற்குப் பயன்படாது. உள்ளூர் நிலவரத்தை அறிய விரும்பும் இதழாளருக்கும், புள்ளியியல் கற்கும் மாணவருக்கும் இதைவிடத் தூய்மையான இலவசத் தரவு கிடைப்பது அரிது. தொடங்குபவர்கள் ஒரே ஒரு மனுவோடு நின்றுவிடாமல், ஒரே காலத்தில் திறந்திருந்த பத்துப் பதினைந்து மனுக்களைத் தொகுதிவாரியாக அடுக்கிப் பார்க்க வேண்டும். எல்லா மனுக்களிலும் முன்னிற்கும் தொகுதி இணையத்தில் சுறுசுறுப்பானது என்பதும், ஒன்றில் மட்டும் எகிறும் தொகுதிக்கு அந்தப் பிரச்சினை சொந்தப் பிரச்சினை என்பதும் அப்போதுதான் பிடிபடும். கூடவே ஓர் எச்சரிக்கை: 2024 தேர்தலில் தொகுதி எல்லைகள் மாற்றப்பட்டுவிட்டன, பழைய நாடாளுமன்றங்களின் மனுக்கள் காப்பகத்தில் பழைய எல்லைகளோடே இருக்கின்றன. பெயர் மாறாத தொகுதியும் அதே தொகுதியாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. 2019-ஐயும் 2024-ஐயும் ஒப்பிடப் புகுமுன் குறியீட்டு எண்களை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.