புளியங்கொட்டையா, வாட்ஸ்அப் வாக்கெடுப்பா?

மேட்டூரில் வழக்கமாகத் தண்ணீர் திறக்கும் ஜூன் 12-க்குள் எந்த வாய்க்காலை முதலில் தூர்வாருவது? கடைமடை ஊர்களில் இந்தப் பேச்சு வந்தால், சத்தமாகப் பேசுபவர் சொல்வதே முடிவாகிவிடுகிறது. எல்லார் கருத்தும் கண்ணுக்குத் தெரிய இரண்டு வழிகள் உண்டு: தரையில் கட்டம் போட்டுப் புளியங்கொட்டை வைப்பது, வாட்ஸ்அப் குழுவில் வாக்கெடுப்பு நடத்துவது.

செலவு: தரையில் கோலமாவுக் கட்டம், கைநிறையப் புளியங்கொட்டை, காசே வேண்டாம். வாட்ஸ்அப்புக்கு ஸ்மார்ட்போன் வேண்டும்.

யாருக்கு எளிது: கொட்டை வைக்க எழுத்துத் தெரிய வேண்டியதில்லை. வாட்ஸ்அப்பில் துபாயில் இருக்கும் நிலக்காரரும் கலந்துகொள்ளலாம்.

காரணம்: இங்கேதான் கொட்டை வெகுதூரம் முந்துகிறது. மேலே வாய்க்கால்களின் பெயர்கள். பக்கத்தில் பாசனப் பரப்பு, ஆகாயத்தாமரை அடைப்பு, மழைநீர் வடிகால் என்று காரணங்கள். ஒவ்வொரு கட்டத்திலும், எவ்வளவு முக்கியம் என்பதைப் பொறுத்து ஒன்று முதல் ஐந்து கொட்டை வைக்கலாம். ஒருவர் வடிகாலுக்கு ஐந்து வைத்தால், "ஏண்ணே அஞ்சு?" என்று கேள்வி வரும். "ஐப்பசி மழையில எங்க பக்கம்தானே பயிர் மூழ்குது" என்பார். உடனே இன்னொருவர் தன் கொட்டைகளை நகர்த்துவார். வாட்ஸ்அப் வாக்கில் காரணம் தெரியாது.

மறைவு: இரண்டிலும் இல்லை. வாட்ஸ்அப்பில் யார் எதற்குப் போட்டார் என்று பெயரே தெரியும். தயக்கம் இருந்தால் வாய்க்காலுக்கு ஒரு மூடிய குடம் வைத்துக் கொட்டையைப் போடச் சொல்லுங்கள்.

பதிவு: கொட்டையைக் கலைத்தால் போச்சு, முதலில் போட்டோ எடுங்கள்.

கூட்டத் தேதி, டிராக்டர் வாடகை நேரம் போன்றவற்றுக்கு வாட்ஸ்அப்பே சரி. தண்ணீர், பொதுப்பணம் என்றால் கட்டம் போட்டு உட்காருங்கள்; கூலி வேலைக்குப் போகும் பெண்களும் வர ஏதுவாக மாலையில் கூட்டுங்கள்.