டர்பனிலிருந்து பூர்வீக ஊர் தேடுவோருக்கு: ஆய்வாளரா, சொந்தத் தேடலா?

சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' கப்பல் 1860 நவம்பர் 16 அன்று தென்னாப்பிரிக்காவின் டர்பனை அடைந்தது. 1911 வரை சுமார் 1,52,000 இந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளாக டர்பன் இருக்கும் நாட்டால் பகுதிக்குப் போனார்கள். பெரும்பாலானோர் சென்னையில் கப்பலேறியவர்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகளின் பிள்ளைகள் இன்று ஊரைத் தேடுகிறார்கள். மரபணுச் சோதனை, சொந்தத் தேடல், கட்டண ஆய்வாளர் என்று மூன்று வழிகள் இருக்கின்றன.

எடுத்த எடுப்பிலேயே மரபணுச் சோதனையில் பணத்தைப் போடாதீர்கள். அதே நிறுவனத்தில் சோதித்துக்கொண்ட உறவினர் இருந்தால்தான் பயன். அது எந்தக் கிராமம் என்று சொல்லாது.

கப்பல் பட்டியலைத் தேட ஆய்வாளர் தேவையில்லை என்பதே என் கருத்து. அந்தப் பட்டியலில் கப்பலேறிய ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்து, தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடல் அடையாளம் வரை எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த எண் பழைய பிறப்பு, திருமணச் சான்றிதழ்களிலும் கிடைக்கலாம். வீட்டுப் பெட்டியையும் பெரியவர்களின் நினைவையும் அலசுவதற்குச் செலவே இல்லை. எண் கிடைக்காமல், பட்டியலில் ஏகப்பட்ட முனுசாமிகள் நடுவே சிக்கிக்கொண்டால் மட்டும் டர்பனில் ஓர் ஆளை அமர்த்தலாம்.

காசைத் தமிழ்நாட்டுப் பக்கத்துக்கு வைத்திருங்கள். சிரமம் இங்கேதான். பட்டியலில் 'வட ஆற்காடு' என்றிருந்தால், அது இன்று வேலூர், திருவண்ணாமலை, ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் எதுவாகவும் இருக்கலாம். 1911இல் பிரிந்த சித்தூராகவும் இருக்கலாம். ஊர்ப் பெயரோ எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதப்பட்டது. பழைய தாலுகா எல்லை தெரிந்து, எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் தேடி, ஊருக்குள் போய்ப் பெரியவர்களோடு உட்கார்ந்து பேசத் தெரிந்தவருக்குக் கொடுக்கும் கூலி தகும். குலதெய்வத்தின் பெயர் வீட்டில் வழங்கிவந்தால் அதை அவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஒரே பெயரில் இரண்டு ஊர் இருந்தால் பல சமயம் அதுதான் வழிகாட்டும்.

ஆனால் ஏழு தலைமுறை வம்சாவளி தருகிறேன் என்பவரிடம் போகாதீர்கள். கப்பலேறியவர்களில் நிலமில்லாத உழைப்பாளிகள் ஏராளம். நிலப் பதிவேடுகளில் அவர்கள் பெயர் இருக்காது. எவ்வளவு பணம் கொடுத்தாலும் இல்லாத ஏட்டை யாராலும் எடுத்துத் தர முடியாது. முழுத் தொகையையும் முன்பணமாகக் கொடுக்காமல் கட்டம் கட்டமாகப் பேசிக்கொள்ளுங்கள். கண்டெடுத்த பக்கத்தின் நகலோடு, எந்தெந்தப் பதிவேட்டில் தேடியும் கிடைக்கவில்லை என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.