ஆவணத்துக்குள் இருக்கும் சோதனைகள்: டாக்டெஸ்டை நெடுநாள் பயன்படுத்திய அனுபவம்

பைதான் நிரல்மொழியின் டாக்டெஸ்ட் மாட்யூலைச் சிறிய லைப்ரரிகளிலும், பலர் சேர்ந்து எழுதும் பெரிய திட்டங்களிலும் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். டிம் பீட்டர்ஸ் எழுதிய இந்தக் கருவி, 2001இல் வெளிவந்த பைதான் 2.1 முதல் மொழியுடனேயே கிடைக்கிறது. ஆவணத்தில் >>> என்ற பைதான் உள்ளீட்டுக் குறியுடன் தொடங்கும் வரிகளைத் தேடி எடுத்து இயக்கி, வரும் வெளியீட்டை அவற்றின் கீழே எழுதியிருப்பதோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுவதே இதன் வேலை. குறை சொல்பவர்கள் பெரும்பாலும் அந்த ஒப்பீட்டின் கண்டிப்பைத்தான் சொல்கிறார்கள். நான் அதிகம் கண்காணிப்பது அதற்கு முந்தைய படியை, அதாவது சோதனைகளைத் தேடி எடுக்கும் படியை.

ஒப்பீடு பொருந்தாவிட்டால் எந்த வரியில், எதை எதிர்பார்த்து எது வந்தது என்று கருவி தெளிவாகச் சொல்லிவிடுகிறது. தேடலில் ஒரு சோதனை விடுபட்டாலோ அதைப் பற்றி எந்தச் செய்தியும் வராது. எடுக்கப்படாத சோதனை தோற்பதற்கு வழியே இல்லை. ஒரு ஃபங்ஷனின் மேல் அதை வேறொரு ஃபங்ஷனால் போர்த்தும் டெக்கரேட்டர் ஒன்றைச் சேர்க்கும்போது, அந்த டெக்கரேட்டர் மூல ஃபங்ஷனின் விவரங்களை நகலெடுக்கும் ஃபங்க்டூல்ஸின் ராப்ஸைக் கொண்டு எழுதப்படாமல் இருந்தால், மூல ஃபங்ஷனின் டாக்ஸ்ட்ரிங் (அதனுள் எழுதப்படும் விளக்கம்) மறைந்துவிடுகிறது, அதனோடு அதிலிருந்த சோதனைகளும் போய்விடுகின்றன. வேறொரு ஃபங்ஷனுக்குள் வரையறுக்கப்பட்ட ஃபங்ஷனையும், வேறு மாட்யூலிலிருந்து இறக்குமதி செய்யப்பட்டதையும் டாக்டெஸ்ட் தேடுவதில்லை. >>> இல்லாமல் வெறும் நிரலாக எழுதிய எடுத்துக்காட்டு அதன் கண்ணில் படுவதே இல்லை. எளிய குறிகளால் வடிவமைக்கப்படும் மார்க்டவுன் கோப்புகளில் சிக்கல் வேறு திசையில் வருகிறது: நிரல் பகுதியை மூடும் குறிக்கு முன் ஒரு வெற்று வரி விடாவிட்டால், அந்தக் குறியையும் எதிர்பார்க்கும் வெளியீட்டின் பகுதியாகவே கருவி எடுத்துக்கொள்கிறது. இதுவாவது தோல்வியாக வெளியே தெரிந்துவிடுகிறது என்பதால் எனக்கு இதில் பெரிய வருத்தமில்லை.

ஒரு சோதனைகூட இல்லாத கோப்பை டாக்டெஸ்டிடம் நேரடியாகக் கொடுத்தால் அது வெற்றி என்றே முடிக்கும். பைடெஸ்ட் என்ற சோதனைக் கருவி வழியாக இயக்கும்போது, எதுவுமே சேகரிக்கப்படாவிட்டால் வெளியேறும் குறியீடு 5 என வருவதால் தானியங்கிச் சோதனை அங்கேயே நின்றுவிடும். ஆனால் பாதி சோதனைகள் மட்டும் காணாமல் போனால் அதற்கும் தெரியாது. எனவே சேகரிக்கப்பட்ட சோதனைகளின் எண்ணிக்கையைப் பதிவு செய்து, முந்தைய எண்ணிக்கையைவிடக் குறைந்தால் யாராவது ஒருவர் காரணம் சொல்லியாக வேண்டும் என்ற விதியை நான் பங்கேற்கும் திட்டங்களில் வலியுறுத்துகிறேன். விரிவான அறிக்கையைக் கேட்டு டாக்டெஸ்டை இயக்கினால், சோதனையே இல்லாத ஃபங்ஷன்களின் பட்டியலும் கிடைக்கிறது. அதைப் படிப்பவர்கள் மிகக் குறைவு என்பது எனக்கு உண்மையாகவே கவலை தருகிறது.

ஒப்பீட்டைப் பொறுத்தவரை, பைதான் 3.3 முதல் சரங்களின் ஹாஷ் (அவற்றிலிருந்து கணக்கிடப்படும் எண்) ஒவ்வோர் இயக்கத்திலும் மாறுவதால், செட்டை, அதாவது நிலையான வரிசையில்லாத தொகுப்பை, அப்படியே அச்சிடும் எடுத்துக்காட்டு இன்று வென்று நாளை தோற்கலாம். மாறும் பகுதிகளை மூன்று புள்ளிகளால் விட்டுவிடும் எலிப்சிஸ் விருப்பத்தைவிட, செட்டை வரிசைப்படுத்தி அச்சிடுவதே படிப்பவருக்கும் பயன்படும். 2018இல் எண் கணக்கீட்டு லைப்ரரியான நம்பை 1.14 எண்களையும் அரேக்களையும் காட்டும் விதத்தை மாற்றியபோதும், 2024இல் நம்பை 2.0 தனி எண்களை அவற்றின் வகைப் பெயரோடு காட்டத் தொடங்கியபோதும், பல டாக்டெஸ்டுகள் ஒரே நேரத்தில் தோற்றன. பழைய தோற்றத்தையே காட்டச் சொல்லும் அமைப்பு இரண்டு முறையும் தரப்பட்டது. இடைக்கால ஏற்பாடாக அதை ஏற்கலாம். ஆனால் ஆவணத்தைப் பார்த்து அந்த வரிகளைத் தன் கணினியில் இயக்குபவர் காண்பது புதிய தோற்றத்தைத்தான் என்பதால், அந்தத் தோல்விகள் நியாயமானவை என்றே கருதுகிறேன்.

தேடல் விஷயத்தில் ரஸ்ட் மொழியின் அணுகுமுறை எனக்கு மேலானதாகப் படுகிறது. அங்கே ஆவணக் குறிப்பில் வேறு அடையாளமின்றி எழுதப்படும் ஒவ்வொரு நிரல் பகுதியும் தானாகவே சோதனையாகிவிடுகிறது. வேண்டாமென்றால் எழுதுபவர்தான் அதை வெளிப்படையாகக் குறிக்க வேண்டும். ஒவ்வொரு பகுதியும் தனித்தனி நிரலாகக் கம்பைல் செய்யப்பட்டதால் ஏற்பட்டுவந்த தாமதமும், இயன்றவற்றை ஒன்றாகச் சேர்த்துக் கம்பைல் செய்யும் 2024 எடிஷன் என்ற ரஸ்ட் பதிப்பில் குறைந்திருக்கிறது. பைதானிலும் இதற்கு ஓரளவு நெருங்கிவர, எங்கள் ஆவணங்களில் >>> இல்லாத பைதான் பகுதிகளைத் தேடிக் காட்டும் சிறிய ஸ்கிரிப்ட் ஒன்றை ஒவ்வொரு மாற்றத்தின்போதும் இயக்குகிறோம். இயக்காமல் விடும்படி ஸ்கிப் என்று குறிக்கப்படும் எடுத்துக்காட்டு ஒவ்வொன்றின் அருகிலும் காரணத்தை ஒரு வரியில் எழுதச் சொல்கிறோம்.